எதை இலவசமாகத் தருவது, எதற்குக் காசு கேட்பது: கடைகளுக்கு பில்லிங் செயலி செய்பவர்களுக்கு

2024 தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியிடமிருந்து போன். "ஏம்மா, பில்லு போட மாட்டேங்குது. அம்பது முடிஞ்சு போச்சு, காசு கட்டுன்னு காட்டுது. கடையில இருவது பேரு நிக்காங்க."

அந்த ஐம்பதை வைத்தது நாங்கள்தான். இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 பில், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தா. சாதாரண நாளில் அந்த அண்ணாச்சி கடையில் முப்பது, முப்பத்தைந்து பில்தான் ஓடும். பண்டிகைக் கூட்டத்தில் அது 50 தாண்டும், தாண்டுகிற நேரத்தில் அவர் கை எண்ணெய் டின்னிலும் தராசிலும் இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தம்பி பத்தே நிமிடத்தில் சர்வரில் அந்த எல்லையை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் அண்ணாச்சி மேசைக்கு அடியில் கிடந்த பழைய பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாள் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். பொங்கல் வரைக்கும் அதிலேயேதான் எழுதினார்.

அவர் 2,400 ரூபாய் கட்ட முடியாதவர் இல்லை. நல்ல வியாபாரம் உள்ள கடை. கூட்டத்துக்கு நடுவில் கையை நீட்டியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

நான் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் ஐந்து வருஷம் கணக்கு எழுதியவள். தம்பி புரோகிராம் எழுதுவான். இரண்டு பேரும் சேர்ந்து சிறு கடைகளுக்காக ஆண்ட்ராய்டு போனில் ஓடும் பில்லிங் செயலி ஒன்றை நடத்துகிறோம். இரண்டு அங்குல தெர்மல் பிரிண்டரை ப்ளூடூத்தில் இணைத்தால் பில் வரும், அவ்வளவு எளிமையான செயலி. அந்தத் தீபாவளிக்குப் பிறகு எது இலவசம், எது காசு என்பதை முதலிலிருந்து மறுபடி பிரித்தோம். எப்படிப் பிரித்தோம் என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள், நான்கு கட்டங்கள்

செயலியில் என்னென்ன வசதிகள் உண்டோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு 43 வந்தது. 'பில்', 'ஸ்டாக்' என்று மொத்தமாக எழுதக் கூடாது. 'பில் அச்சடிப்பது', 'பழைய பில்லைத் திருத்துவது', 'பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவது' என்று தனித்தனியாகப் பிரியுங்கள். காசு கேட்கும் இடம் பெரும்பாலும் இந்தச் சின்னப் பிரிவுகளுக்கு இடையில்தான் இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள். கடையில் இதை யார் தொடுகிறார்? ஒருமுறை தொட்டால் நமக்கு என்ன செலவு? இது இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? கடை பெரிதானால் இதன் தேவை கூடுமா?

மூன்றாவது கட்டத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. கடையில் போய் உட்கார வேண்டும். நான் ஆறு கடைகளில் கடைக்கு ஒரு நாள் உட்கார்ந்தேன். 'ஸ்டாக் இருப்பு' என்ற வசதிக்கு எதிரே நான் எழுதியது: "இல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மகனை வைத்துக்கொண்டு மூட்டை எண்ணுவார்." வாரத்துக்கு மூன்று மணி நேரம், அதுவும் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். இதற்குக் காசு கேட்கலாம், சந்தோஷமாகத் தருவார்கள். 'பில்லின் தலையில் கடைச் சின்னம்' என்பதற்கு எதிரே: "இல்லாவிட்டால், ஒன்றும் செய்ய மாட்டார்." இதைக் கட்டணத் திட்டத்தில் வைத்து நாங்கள் ஒன்றரை வருஷம் விளம்பரம் செய்திருக்கிறோம்.

கடைக்காரரிடம் "இந்த வசதி வந்தால் பணம் கட்டுவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்காதீர்கள். வீடு தேடி வந்த பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "நல்லாருக்கும்மா, போட்டுருங்க" என்பார். "போன மாசம் இதுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். ஆள் வைத்துச் செய்தேன், ஆடிட்டருக்குக் கொடுத்தேன், ராத்திரி உட்கார்ந்து எழுதினேன் என்று பதில் வந்தால் அந்த வசதிக்கு விலை இருக்கிறது. "அத யாரு பாத்தா" என்றால் விட்டுவிடுங்கள்.

செலவுக் கட்டத்தை உண்மையாக நிரப்புங்கள்

எல்லா வசதிக்கும் ஒரே மாதிரி செலவு ஆவதில்லை. கணக்கு போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

பேக்கப்பையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அதைக் கட்டணத்துக்குள் வைத்திருந்தோம். "சர்வர் செலவு இருக்கே" என்பது எங்கள் நியாயம். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்கிட்டோம். எங்கள் அமைப்பில் ஒரு பில்லின் விவரம் சுமார் இரண்டு கிலோபைட். ஒரு நாளைக்கு 100 பில் போடும் கடை வருஷத்துக்கு 36,500 பில் போடும். மொத்தம் 73 மெகாபைட். ஒரு கடையின் முழு வருஷக் கணக்கும் கல்யாண வீட்டில் எடுக்கிற பத்துப் பதினைந்து போட்டோவின் அளவுதான். இதற்குப் போய்க் காசு கேட்டோம். போன் தொலைந்து கணக்கும் சேர்ந்து போனபோது இலவசக் கடைக்காரர்கள் எங்களைத்தானே திட்டினார்கள்? பேக்கப் இப்போது எல்லோருக்கும் இலவசம்.

அதே செயலியில் சரக்குக்குப் படம் சேர்க்கும் வசதி உண்டு. ஒரு படம் சுருக்கிய பிறகும் 200 கிலோபைட். 2,000 சரக்கு இருந்தால் 400 மெகாபைட், ஐந்து வருஷ பில்களைவிட அதிகம். படங்களைக் கட்டணத்துக்கு மாற்றினோம். பேன்சி ஸ்டோர், பாத்திரக் கடைக்காரர்களுக்குப் படம் வேண்டும், அவர்கள் கட்டினார்கள். மளிகைக் கடைக்காரர் துவரம்பருப்புக்குப் படம் பார்ப்பதில்லை.

தொட்டால் ஒவ்வொரு தடவையும் காசு போகிற வசதிகள் தனி ரகம். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் வணிகச் செய்தி இரண்டுமே நமக்குச் செய்தி எண்ணிக்கையில் பில் ஆகிறவை. எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டியில் (வணிகச் செய்தி அனுப்புகிறவர்களுக்கான பதிவு முறை) பதிவு, அனுப்பும் வாசகத்துக்கு முன் அனுமதி என்று வேலையும் கூட. இவற்றை 'அளவில்லாமல்' என்று கட்டணத் திட்டத்தில்கூடப் போடாதீர்கள். கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. அவ்வளவு பெரிய நிறுவனமே வாக்கைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் நாம் எந்த மூலை. செய்திகளை ரீசார்ஜ் மாதிரி விற்கிறோம்: 500 செய்தி, 1,000 செய்தி. டாப்-அப் போட்டுப் பழகிய நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாளில் எல்லோரும் விட்டுவிடும் செலவு ஒன்று உண்டு. போன் பேசுவது. எங்களுக்கு சர்வரைவிடப் பெரிய செலவு அதுதான். "பிரிண்டர் கனெக்ட் ஆகல" என்ற ஒரு அழைப்பு இருபது நிமிடம் பிடிக்கும். இலவசக் கடைகளுக்கு முதல் பத்து நாள் போனில் உதவி, அதற்கு மேல் வாட்ஸ்அப்பில் மட்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் பத்து நாளை வெட்ட வேண்டாம். பிரிண்டர் ஓடாத கடை என்றைக்கும் கட்டணக் கடையாக மாறாது.

பற்று நோட்டு

மிகவும் யோசித்து, இரண்டு முறை மாற்றி, கடைசியில் முடிவுக்கு வந்தது கடன் கணக்கு விஷயத்தில்தான்.

எந்த மளிகைக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு தொங்கும். ஆளுக்கு ஒரு பக்கம், பற்று, வரவு, பாக்கி. கடையின் உயிர் அதில்தான். எங்கள் செயலியில் இந்த வசதியைத்தான் எல்லோரும் அதிகம் பாராட்டினார்கள். அதனால் பிடித்த பொருளுக்குத்தானே விலை வைக்க வேண்டும் என்று அதைக் கட்டணத்துக்குள் போட்டோம்.

நடந்தது என்னவென்றால், இலவசக் கடைக்காரர்கள் ரொக்க பில்லை செயலியிலும் கடன் சரக்கை நோட்டிலும் எழுதினார்கள். வியாபாரத்தில் பாதி கடனில் ஓடும் கடையில் பாதிக் கணக்குதான் செயலிக்குள் வந்தது. சாயங்காலம் 'இன்றைய விற்பனை' என்று செயலி காட்டும் தொகையும் கல்லாவும் மனக்கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்டாத கணக்கை எந்த வியாபாரி நம்புவார்? ஸ்டாக்கும் தப்பாக வந்தது. ஸ்டாக் தப்பாக வந்தால், ஸ்டாக் அறிக்கைக்குக் காசு கட்டுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இப்போது பற்று எழுதுவது, வரவு வைப்பது, ஒருவருடைய பாக்கியைப் பார்ப்பது மூன்றும் இலவசம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும். கட்டணத்தில் இருப்பவை: மாதக் கடைசியில் எல்லோருக்கும் மொத்தமாகப் பாக்கி நினைவூட்டல், 60 நாள் தாண்டிய பாக்கிகளின் பட்டியல், ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் கடன் கொடுக்காதே என்று கல்லாவில் நிற்கும் பையனுக்கு எச்சரிக்கை. நோட்டு செய்கிற வேலை இலவசம், நோட்டால் முடியாத வேலைக்குக் காசு. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் இலவசக் கடைகள் செயலியைத் தினமும் திறந்தன.

உங்கள் மென்பொருளுக்கும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். எந்த வசதியில் பயனரின் விவரங்கள் நாளுக்கு நாள் சேர்கின்றனவோ அதற்கு முன்னால் வாசல் வைக்காதீர்கள். சேர்ந்த விவரங்களை வைத்து அவருக்கு மிச்சமாகும் நேரமும் பணமும் இருக்கிறதல்லவா, அதற்கு விலை வையுங்கள்.

சட்டம் கேட்பதை இலவசமாகவே கொடுங்கள்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான சரக்குகள் 5, 18 சதவீதத்துக்குள் வந்தன. அந்த மாற்றத்தை அன்று காலைக்குள் இலவசக் கடைகள் உட்பட எல்லோருக்கும் அனுப்பினோம். கட்டணம் கட்டாதவரின் பில்லில் தப்பான வரி அச்சாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பில்லை வாங்கிப்போகிறவருக்கு நமக்கும் கடைக்கும் என்ன திட்டம் என்று தெரியுமா?

அதேபோல காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், இருக்கும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. தான் அந்தத் திட்டத்தில் இருப்பதையும் பில்லின் தலையில் அச்சிட வேண்டும். அந்த பில் வடிவமும் இலவசம்.

ஆனால் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கலுக்கான அறிக்கையை ஆடிட்டர் அப்படியே ஏற்றக்கூடிய கோப்பாகத் தருவது கட்டணத்தில். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 11ஆம் தேதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 13ஆம் தேதி கெடு. அதற்கு முந்தின இரண்டு நாள் ஆடிட்டர் ஆபீஸ்களில் என்ன நடக்கும் என்று கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு நாளைக் காப்பாற்றினால் காசு வாங்குவதில் தப்பில்லை. இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்), இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கான மின்னணுச் சீட்டு) இரண்டும் இதற்கும் மேலான திட்டத்தில். இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்குக் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்கு. இவை கேட்கும் கடை, பெயர் எதுவானாலும், மொத்த வியாபாரம். அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சுவர் எங்கே வைப்பது

பில் எண்ணிக்கையில் சுவர் வைத்து நாங்கள் பட்டது மேலே சொன்னேன். இப்போது ஆள் எண்ணிக்கையில் வைத்திருக்கிறோம். ஒரு கடை, ஒரு போன், ஒரு ஆள்: எத்தனை பில் வேண்டுமானாலும் போடலாம். இரண்டாவது கல்லா போட்டால், வேலைக்கு வந்த பையனுக்குத் தனி லாகின் வேண்டுமென்றால், குடோன் கணக்கு தனியாக வேண்டுமென்றால் கட்டணம். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்த கடை அது. இன்னொரு நல்லது, இந்தத் தேவை கூட்டத்துக்கு நடுவில் திடீரென்று முளைக்காது. ஆள் எடுப்பதை முதலாளி ஒரு வாரம் யோசிப்பார், அந்த யோசனையோடு நம் சந்தாவும் சேர்ந்துகொள்ளும்.

எண்ணிக்கையில்தான் எல்லை வைத்தாக வேண்டும் என்றால் 80 சதவீதம் வந்ததும் ஒரு முறை சொல்லுங்கள், எல்லை தாண்டிய பிறகும் ஒரு மாதம் ஓட விடுங்கள். கடை நடக்கும் நேரத்தில் எதையும் நிறுத்தாதீர்கள்.

எந்த நாளும் பூட்டாத மூன்று

முதலாவது, கணக்கை வெளியே எடுப்பது. கடைக்காரர் கேட்டால் அவருடைய முழுக் கணக்கும் எக்செல் கோப்பாக ஒரே தொடுதலில் வர வேண்டும், சந்தா முடிந்திருந்தாலும். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. மில்லில் இருந்தபோது நாங்கள் பயன்படுத்திய மென்பொருளின் ஆண்டுக் கட்டணம் நாலு நாள் தள்ளிப்போனது. கணக்கைத் திறக்கவே விடவில்லை. முதலாளி கோபத்தில் வேறு மென்பொருள் வாங்கிவிட்டார். பழையதிலிருந்து எதையும் எடுக்க முடியாமல், அச்சடித்து வைத்திருந்த பேரேட்டைப் பார்த்து மூன்று வருஷக் கணக்கைக் கையால் மறுபடி ஏற்றியது நான். பதினொரு ராத்திரி. பருப்பு உடைக்கிற சத்தம் நின்ற பிறகு அந்த அறையில் நானும் டியூப் லைட்டும்தான். கடைக்காரர்கள் கணக்கு கடைக்காரர்களுடையது.

இரண்டாவது, பின் எண் பூட்டு போன்ற பாதுகாப்பு. மூன்றாவது, தப்பாகப் போட்ட பில்லைத் திருத்துவது.

மாற்றும்போது எந்தத் திசை

சந்தேகம் இருக்கும் வசதியை முதலில் கட்டணத்தில் வையுங்கள். பின்னால் இலவசமாக்கினால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் அப்படித்தான் போனது. 2019 ஜனவரியில் தனிப்பட்ட களஞ்சியங்களை மூன்று கூட்டாளிகள் வரை இலவசமாக்கியது, 2020 ஏப்ரலில் அந்த மூன்று என்ற எல்லையையும் எடுத்தது. எதிர்த்திசையில் போனால் வலிக்கும். குறிப்பு எழுதும் செயலியான எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசப் பயனர்களுக்கு 50 குறிப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் என்று குறுக்கியபோது, பல வருஷமாக எழுதி அந்த எல்லையைத் தாண்டியிருந்தவர்களால் புதிதாக ஒரு குறிப்பு தொடங்க முடியாமல் போயிற்று.

தவிர்க்கவே முடியாமல் இலவச வசதி ஒன்றைக் கட்டணமாக்கினால் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் ஆக்குங்கள். சரக்குப் படத்தை மாற்றியபோது, ஏற்கெனவே படம் சேர்த்திருந்த கடைகளுக்கு அப்படியே விட்டோம். கொஞ்சம் செலவுதான், ஆனால் அந்தக் கடைக்காரர்கள்தான் பக்கத்துக் கடைக்கு நம்மைச் சொல்லி அனுப்புகிறவர்கள்.

தொகையும் மாதமும்

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்காரரிடம் சொல்லும் தொகை வரியோடு சேர்ந்ததாக இருக்கட்டும். எங்கள் 2,400 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி 366 ரூபாய், நமக்கு நிற்பது 2,034. ப்ளே ஸ்டோர் வழியாகச் சந்தா வாங்கினால் அதிலிருந்து 15 சதவீதம் போகும். இதை வைத்துத்தான் இலவசக் கடைகளின் செலவையும் தாங்க வேண்டும். எனவே ஒரு கட்டணக் கடை எத்தனை இலவசக் கடைகளைச் சுமக்கும் என்று மாதம் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கும் மாதமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் கையிலிருக்கும் காசெல்லாம் சரக்கில் போய்விடும். நாங்கள் எல்லாச் சந்தாவையும் ஏப்ரலுக்கு நகர்த்திவிட்டோம். நிதியாண்டும் தொடங்கும், சித்திரையில் புதுக்கணக்கும் போடுவார்கள். புது நோட்டு வாங்கும் மனநிலையில் இருப்பவரிடம் கேட்பது எளிது.

கடைசியாக, பூட்டிய வசதியைத் தொட்டால் திரையில் வரும் வாசகம். முன்பு எங்களுடையது: "உங்கள் இலவச எல்லை முடிந்தது! இப்போதே மேம்படுத்துங்கள்!" அண்ணாச்சி பார்த்தது இதைத்தான். அவர் திரும்பி வந்த பிறகு, அவர் கடையிலேயே உட்கார்ந்து அவரிடம் படித்துக் காட்டி மாற்றிய வாசகம் இது: "இந்த வசதி 'கடை' திட்டத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 2,400 ரூபாய், வரி உட்பட. இப்போது வேண்டாம் என்றால் பில்லுக்குத் திரும்ப இங்கே தொடுங்கள்." பில்லுக்குத் திரும்பும் பொத்தான்தான் பெரியது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார், கண்ணாடி இல்லாமல் தெரியவில்லையாம். அதையும் போட்டோம்.